அமெரிக்கச் சட்டப் பள்ளி அட்மிஷன் ஆபீஸ்: உள்ளே யார், யாரிடம் எதைக் கேட்பது?

அமெரிக்காவில் ஒரு சட்டப் பள்ளியின் அட்மிஷன் ஆபீஸில் சில வருடங்கள் இருந்தேன். முதலில் போன் எடுக்கும் வேலை, அப்புறம் விண்ணப்பம் வாசிக்கும் வேலை. எந்தப் பள்ளி என்று மட்டும் கேட்காதீர்கள். மற்றபடி வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, எல்லா மெயிலும் "அட்மிஷன்ஸ் ஆபீஸ்" என்ற பெயரில்தான் வருது. உள்ளே யார்தான் இருக்காங்க? (சென்னை, பி.ஏ. பி.எல். கடைசி வருடம்)

பெரிய பட்டாளம் என்று நினைத்துவிடாதீர்கள். பல பள்ளிகளில் ஒரு வேனில் ஏற்றிவிடலாம். போன் எடுப்பவர் அங்கேயே படிக்கும் மாணவராகவோ கோஆர்டினேட்டராகவோ இருப்பார். அவருக்குப் பின்னால், உங்கள் கண்ணிலேயே படாமல், ஃபைல் சேர்க்கும் ஆட்கள்: எல்சாக்கிலிருந்து (சட்டப் பள்ளி நுழைவுத் தேர்வான எல்சாட்டை நடத்தும் அமைப்பு, பென்சில்வேனியாவில் நியூட்டவுனில் இருக்கிறது) ரிப்போர்ட் வந்ததா, சிபாரிசுக் கடிதம் வந்ததா என்று பார்த்து "கம்ப்ளீட்" போடுபவர்கள். அடுத்து அசிஸ்டென்ட் டைரக்டர், அசோசியேட் டைரக்டர் என்று பலவிதப் பட்டம் உள்ளவர்கள். இலையுதிர்காலம் முழுக்க ஊர் ஊராகச் சட்டப் பள்ளிக் கண்காட்சிகளுக்குப் போய்வந்து, குளிர்காலம் முழுக்கத் திரையைப் பார்த்தபடி ஃபைல் வாசிப்பவர்கள் இவர்கள்தான். மேலே அட்மிஷன் டீன். பள்ளிக்கே தலைவரான டீன் வேறு, இவர் வேறு. பெரும்பாலான இடங்களில் கடைசிச் சொல் அட்மிஷன் டீனுடையது, சில இடங்களில் பேராசிரியர் குழுவும் உட்காரும். யேலில் பேராசிரியர்களே ஃபைல்களை வாசித்து மதிப்பெண் போடுவது நெடுநாள் வழக்கம்.

கடிதம் வந்ததா, ஃபைல் எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு முன்மேசையே போதும். படிப்பைப் பற்றியும் உங்கள் பின்னணி பொருந்துமா என்பது பற்றியும் கண்காட்சியில் சந்தித்த அதிகாரியிடம் கேளுங்கள். டீனுக்கு எழுத உங்களுக்கு வருடத்தில் ஒரு காரணம் இருந்தாலே அதிகம்.

எல்.எல்.எம்.முக்கும் இதே ஆட்கள்தானா?

பெரும்பாலும் இல்லை. ஜே.டி. என்ற மூன்று வருடப் படிப்புக்கு ஒரு ஆபீஸ், எல்.எல்.எம். என்ற மேல்படிப்புக்குப் பல பள்ளிகளில் தனி ஆபீஸ். நம் ஊர் பி.எல். முடித்தவர்கள் எழுதும் மெயில்களில் பாதி தப்பான கதவைத் தட்டும். ஜே.டி. ஆபீஸ்காரர் அதை அடுத்த அறைக்குத் தள்ளிவிடுவார், அதற்குள் ஒரு வாரம் போயிருக்கும். எல்.எல்.எம். பக்கத்து ஆட்களுக்கு வெளிநாட்டு மார்க்‌ஷீட், டோஃபல், விசா எல்லாம் அத்துப்படி. 58 சதவீதம் என்றால் நம் சட்டக் கல்லூரிகளில் என்ன அர்த்தம் என்று அவர்களுக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

என் மகள் வேலைக்குப் போய்க்கொண்டே அப்ளை பண்றா, நேரமே இல்லை. நான் அவளுக்குப் பதில் ஆபீஸுக்குப் போன் பண்ணலாமா மேடம்? (டல்லாஸ்)

வேண்டாம் அம்மா. கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் மறுமுனையில் இருப்பவர் உங்களிடம் ஃபைலைப் பற்றி எதுவும் சொல்லப் போவதில்லை. "உங்கள் மகளையே பேசச் சொல்லுங்கள்" என்பதோடு முடிந்துவிடும். நாளைக்குக் கட்சிக்காரருக்காகப் பேசப் போகிற பெண், தன் விண்ணப்பத்துக்கு அம்மாவைப் பேச விடுகிறாளே என்ற எண்ணமும் லேசாக எழும். பொதுக் கேள்விகள், அதாவது ஃபீஸ் எவ்வளவு, கடைசித் தேதி எது, இதற்கெல்லாம் போன் வேண்டாம், இணையதளத்தில் இருக்கிறது. மகள் குரலில் அம்மா பேசுவதும் நடக்கும். பிறந்த தேதியைக் கேட்டதும் ஒரு சின்ன இடைவெளி வரும் பாருங்கள், எங்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

முன்மேசையில் இருப்பவர் ஃபைலைத் தொடவே மாட்டாரே, அவரிடம் நல்ல பேர் எடுத்து என்ன ஆகப் போகுது?

நல்ல பேரால் சீட் வராது, சரி. கெட்ட பேரால் சீட் போகும். கணினியில் உங்கள் பெயருக்குக் கீழே குறிப்பு எழுத ஒரு பெட்டி இருக்கிறது. "போனில் கத்தினார், மூன்றாவது முறையாக அதே கேள்வி" என்று ஒரு வரி அதில் ஏறினால், இரண்டு மாதம் கழித்து ஃபைலைத் திறக்கிற அதிகாரி உங்கள் கட்டுரைக்கு முன்னால் அதைத்தான் படிப்பார். நான் போன் எடுத்த நாட்களில் ஒருவர் பேசின பேச்சைக் கேட்டுவிட்டு, பக்கத்து அறையிலிருந்த டீனே எழுந்து வந்து பெயரைக் கேட்டுக்கொண்டு போனார். இன்னொன்று: மாணவர்தானே என்று நீங்கள் அலட்சியமாகப் பேசுகிறவர், அடுத்த வருடம் உங்களுக்கு சீனியர்.

பேரில் பெரிய குழப்பம். எல்சாக் கணக்கில் ஒரு மாதிரி, மார்க்‌ஷீட்டில் இனிஷியலோடு ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பேரோடு இன்னொரு மாதிரி. ஆபீஸில் கேட்டால் "உங்க டிரான்ஸ்கிரிப்ட் வரலை"ங்கறாங்க. (மதுரை)

வந்திருக்கும். யாருடையது என்று தெரியாமல் கிடக்கும். தமிழர்களுக்கென்றே உள்ள தலைவலி இது, நான் எத்தனை ஃபைலில் பார்த்திருக்கிறேன். பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' கட்டத்தில் முருகேசன் என்று இருந்தால் ஆபீஸ் உங்களை மிஸ் முருகேசன் என்றுதான் கூப்பிடும். மார்க்‌ஷீட்டில் மு. பிரியா. இந்த இரண்டு பேரும் ஒரே ஆள் என்று அமெரிக்கக் கோஆர்டினேட்டருக்கு எப்படித் தெரியும்?

எல்சாக் கணக்கைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே வைத்துக்கொள்ளுங்கள், மற்ற வடிவங்களை 'வேறு பெயர்கள்' கட்டத்தில் போடுங்கள். எந்த மெயில் எழுதினாலும் கையெழுத்துக்குக் கீழே எல்சாக் கணக்கு எண் இருக்கட்டும், 'எல்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குமே, அது. ஜே.டி.க்கு என்றால் டிரான்ஸ்கிரிப்ட் பல்கலைக்கழகத்திலிருந்து நேராக எல்சாக்குக்குத்தான் போக வேண்டும், ஆபீஸுக்கு நீங்கள் அனுப்பும் பிடிஎஃப் செல்லாது. நம் பல்கலைக்கழகங்களில் அந்தக் கவரை வெளியே எடுக்க எத்தனை நாள் ஆகும் என்று உங்களுக்கே தெரியும், ஜூலையிலேயே அலைய ஆரம்பியுங்கள். மெயிலில் "ரெஸ்பெக்டட் சார்" வேண்டாம், வாசிக்கிறவர் அநேகமாக ஒரு பெண். பெயரைப் போட்டு எழுதுங்கள், டீனாக இருந்தால் டீன் என்று குடும்பப் பெயரோடு.

நான் டொராண்டோவில படிக்கிறன். எனக்கும் வெளிநாட்டுக்காரர் கணக்குத்தானோ அக்கா?

மார்க் விஷயத்தில் இல்லை. கனடாப் பல்கலைக்கழக மார்க்கை எல்சாக் அமெரிக்க மார்க் போலவே ஜி.பி.ஏ.வாக, அதாவது சராசரி மார்க் எண்ணாக, மாற்றிக் கொடுக்கும். இந்தியா, இலங்கை மார்க்குக்கு ஜி.பி.ஏ. வராது, சராசரிக்கு மேல், சராசரி என்ற மாதிரி ஒரு தரம்தான் வரும். விசா விஷயத்தில் நீங்கள் வெளிநாட்டுக்காரர்தான்.

எங்க மாமாவோட ஃப்ரெண்ட் அந்த யுனிவர்சிட்டியில் இன்ஜினியரிங் புரொஃபசர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் நடக்குமா? இல்லை, மேனேஜ்மென்ட் கோட்டா மாதிரி ஏதாவது…?

கோட்டா கிடையாது. மாமாவின் நண்பர் உங்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறாரா? உங்களோடு வேலை செய்திருக்கிறாரா? இல்லையென்றால் அவர் கடிதத்தில் எழுத ஒன்றுமே இருக்காது, நல்ல குடும்பத்துப் பையன் என்பதைத் தவிர. அப்படிப்பட்ட கடிதம் வந்தால் ஆபீஸில் யாரும் பயப்படுவதில்லை, சிரித்துவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போவார்கள்.

சிபாரிசே நடந்ததில்லை என்று சொல்ல மாட்டேன். 2009ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், அரசியல் செல்வாக்குள்ள ஆட்கள் பரிந்துரைத்த விண்ணப்பதாரர்களுக்கென்று தனிப் பட்டியலே ஓடிக்கொண்டிருந்தது வெளியே வந்தது, சட்டப் பள்ளியின் பெயரும் அதில் அடிபட்டது. பல்கலைக்கழகத் தலைவரும் சான்சலரும் பதவி விலகினார்கள். அதே சட்டப் பள்ளியில் 2011ல் எல்சாட், ஜி.பி.ஏ. எண்களைக் கூட்டிக் காட்டிய விவகாரம் வெடித்து, அட்மிஷன் பொறுப்பில் இருந்தவர் பதவி விலக, மறுவருடம் சட்டப் பள்ளிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் வக்கீல் சங்கமான அமெரிக்க பார் அசோசியேஷன் பள்ளிக்கு 2,50,000 டாலர் அபராதம் போட்டது. அதற்கப்புறம் எல்லா ஆபீஸிலும் ஒரு பயம் உண்டு. மாமா நண்பரின் போனைப் பதிவு செய்து வைப்பார்களே தவிர, அதை வைத்து சீட் கொடுக்க மாட்டார்கள்.

எல்சாக் கண்காட்சிக்குப் போறேன். ஒவ்வொரு மேசையிலும் என்ன கேட்கணும்? என்னை ஞாபகம் வச்சுப்பாங்களா?

ஞாபகம் வைக்க மாட்டார்கள். ஒரு மாலையில் அத்தனை முகம் பார்க்கிறார்கள். நீங்கள் அவர்களை ஞாபகம் வைத்துக்கொள்வதுதான் காரியம்: யார், என்ன சொன்னார் என்று வெளியே வந்ததும் போனில் குறித்துவிடுங்கள். ஏன் இந்தப் பள்ளி என்று எழுதும்போது அந்த ஒரு தகவல் கைகொடுக்கும்.

கேட்கக்கூடாதது, "உங்க மீடியன் எல்சாட் எவ்வளவு?" பார் அசோசியேஷன் விதி 509ன்படி ஒவ்வொரு பள்ளியும் அதை வருடா வருடம் வெளியிட்டே ஆக வேண்டும். நடு மதிப்பெண், எத்தனை பேருக்கு உதவித்தொகை, நிபந்தனை போட்டுக் கொடுத்த உதவித்தொகையை எத்தனை பேர் இழந்தார்கள் என்பதுவரை அதில் இருக்கிறது. கேட்க வேண்டியது மேசைக்குப் பின்னால் நிற்பவருக்கு மட்டும் தெரிந்த விஷயம்: குடிவரவுச் சட்டக் கிளினிக்கில் (மாணவர்கள் நிஜ வழக்குகளில் வேலை பழகும் இடம்) முதல் வருடத்து மாணவருக்கு இடம் கிடைக்குமா, வெளிநாட்டு மாணவர்கள் கோடையில் எங்கே வேலைக்குப் போனார்கள், விண்ணப்பத்தை முதலில் வாசிப்பது யார். கடைசிக் கேள்விக்குப் பலர் மனம்விட்டுப் பதில் சொல்வார்கள், தங்கள் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் யாருக்குத்தான் பிடிக்காது. போகிற போக்கில் விண்ணப்பக் கட்டணத் தள்ளுபடி உண்டா என்றும் கேளுங்கள், அதில் வெட்கமே வேண்டாம்.

கண்காட்சிக்கு வர முடியாதவர்கள் ஆட்களை வேறு வழியில் தெரிந்துகொள்ளலாம். யேலின் மிரியம் இங்பரும் ஹார்வர்டின் கிறிஸ்டி ஜாப்சனும் சேர்ந்து அட்மிஷன் பற்றி பாட்காஸ்ட் நடத்தினார்கள். மிஷிகனில் நீண்ட காலம் அட்மிஷன் பொறுப்பில் இருந்த சாரா ஸியர்ஃபாஸ் வலைப்பதிவில் எழுதித் தள்ளியிருக்கிறார். இருபது நிமிடம் கேட்டாலே எது அவர்களுக்கு எரிச்சல், எது பிடிக்கும் என்று புரிந்துவிடும்.

காலேஜில் ஹாஸ்டல் சண்டையில் ஒரு வாரம் சஸ்பென்ஷன். எழுதணுமா? ஆபீஸில் பேர் சொல்லாமல் கேட்கலாமா?

கேட்கலாம், தாராளமாக. பதில் என்னவென்று நானே சொல்லிவிடுகிறேன்: எழுதுங்கள். விண்ணப்பத்தில் அதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. நாளை வக்கீல் தொழில் செய்ய பார் அனுமதிக்குப் போகும்போது இந்த விண்ணப்பத்தையும் எடுத்துப் பார்ப்பார்கள். சண்டையை விட மறைத்ததுதான் பெரிய வினையாகும். என்ன நடந்தது, எப்போது, என்ன தண்டனை, அவ்வளவுதான், வார்டனைத் திட்ட வேண்டாம். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் ஆபீஸுக்கு எழுதி இப்போதுகூடச் சேர்க்கலாம்.

வெயிட்லிஸ்ட்டில் போட்டுட்டாங்க. வாரா வாரம் மெயில் போட்டால் ஆர்வம்னு எடுத்துப்பாங்களா, தொல்லைன்னு எடுத்துப்பாங்களா?

தொல்லை. ஆனால் சும்மாவும் இருக்காதீர்கள். உள்ளே நடப்பது இதுதான்: ஏப்ரலில் முன்பணம் கட்டும் தேதி முடிந்ததும் டீன் எண்களைக் கூட்டிப் பார்ப்பார். ஐந்து நாற்காலி காலி என்றால் பட்டியலைத் திறப்பார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்கு வேண்டியது, கூப்பிட்டால் நிச்சயம் வருகிற ஆள். மெயிலுக்குப் பதிலே போடாதவரைக் கூப்பிட்டு, அவர் ஒரு வாரம் யோசித்து, வரவில்லை என்று சொல்வதற்குள் அடுத்தவரும் கைவிட்டுப் போய்விடுவார். இது மே, ஜூன், சில வருடம் ஆகஸ்ட் வரைக்கும் இழுக்கும்.

அதனால் பட்டியலில் போட்டதும் ஒரு கடிதம், ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல்: இன்னும் ஆர்வம் இருக்கிறது, விண்ணப்பித்ததற்குப் பின் இது புதிது (மார்க், வேலை, புது எல்சாட்), இடம் கொடுத்தால் வருவேன். கடைசி வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள், இரண்டு பள்ளிக்கு அதையே எழுதாதீர்கள், இந்த ஆட்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். முன்பணத் தேதிக்குப் பிறகு இன்னொன்று. புதுச் செய்தி இருந்தால் நடுவில் ஒன்று. அப்புறம் போனைச் சத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் இருந்தால் இரவு பதினோரு மணிக்குத் தெரியாத அமெரிக்க எண் வந்தாலும் எடுங்கள்.

உதவித்தொகையைக் கூட்டித் தரச் சொல்லி யாரிடம் கேட்பது? ஃபைனான்ஷியல் எய்ட் ஆபீஸா?

பள்ளிக்குப் பள்ளி மாறும், ஆனால் பெரும்பாலும் தகுதி உதவித்தொகை அட்மிஷன் ஆபீஸின் கையில்தான், எய்ட் ஆபீஸ் கடன் பக்கத்தைப் பார்க்கும். அமெரிக்க அரசுக் கடன் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடையாது. குடிமக்களுக்கும் 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்கினால் வருடத்துக்கு 50,000 டாலர்தான் உச்சவரம்பு என்று ஆகிவிட்டது, அதனால் இந்தக் கேள்வி இனி இன்னும் அதிகம் வரும், ஆபீஸுக்கும் அது தெரியும். முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள், கட்டின பிறகு உங்கள் கையில் பிடி ஏதும் இல்லை. அதே தரத்துப் பள்ளி கொடுத்த கடிதத்தை இணைத்து, இதைக் கொஞ்சம் நெருங்க முடியுமா என்று பணிவாகக் கேட்டால் யாரும் கோபப்படுவதில்லை. கொடுத்த இடத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார்களோ என்ற பயம் வேண்டாம். பேரத்தில் காய்கறிக் கடைத் தோரணை வந்தால்தான் முகம் மாறும்.

இடம் கிடைச்சுடுச்சு! ஆபீஸில் எல்லாருக்கும் ஸ்வீட் அனுப்பலாமா?

வாழ்த்துகள்! இப்போது அனுப்பலாம், சின்னதாக. முடிவு வருவதற்கு முன்னால் வந்த பரிசுப் பெட்டிகளை நாங்கள் திருப்பி அனுப்பிவிடுவோம், அனுப்பினவரைப் பற்றி நல்ல எண்ணமும் வராது. அதைவிட, உங்கள் டிரான்ஸ்கிரிப்ட்டைத் தேடி எடுத்த அந்தக் கோஆர்டினேட்டருக்கு, பெயரைப் போட்டு இரண்டு வரி எழுதி, டீனுக்கும் ஒரு பிரதி வையுங்கள். ஆகஸ்டில் வகுப்பு தொடங்கும்போது ஐ-20 (மாணவர் விசாவுக்குப் பள்ளி கொடுக்கும் படிவம்), தங்குமிடம், லாக்கர் என்று மறுபடி அவரிடம்தான் போய் நிற்கப் போகிறீர்கள்.