வாசகர் கேள்வி பதில்: நீல மக்காவின் மண்டையோடு

கேள்வி: கனடாவில் இருக்கும் தம்பி எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்துக்கு நீல மக்காவ் கிளியின் மண்டையோட்டுப் பிரதி ஒன்றை அனுப்பியிருக்கிறார், ரெசினில் வார்த்தது. மேல்சொண்டு மண்டையோடு சேரும் இடத்தில் குறுக்கே ஆழமாக ஒரு கோடு தெரிகிறது. வார்ப்பில் வந்த வெடிப்பா? பிள்ளைகளுக்கு இதை வைத்து என்ன சொல்லலாம்?
— ஓர் ஆசிரியை, வெள்ளவத்தை

பதில்: வெடிப்பு இல்லை டீச்சர், நீங்கள் பிள்ளைகளுக்கு முதலில் காட்டவேண்டிய இடமே அதுதான். நமக்குக் கீழ்த்தாடை மட்டும் அசையும். கிளிக்கு மேல்சொண்டும் தனியாக மேலே எழும்பி இறங்கும், அதற்கான மூட்டுத்தான் அந்தக் கோடு. கதவுப் பிணைச்சல் மாதிரி. வேறு பல பறவைகளில் அந்த இடத்து எலும்பு மெலிந்து கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அவ்வளவுதான். கிளிகளில் அது நல்ல மூட்டாகவே இருக்கிறது, கொழும்பு மரங்களில் கத்திக்கொண்டு திரியும் நம் பச்சைக்கிளிக்கும் அப்படித்தான். தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் மக்காவ் கொட்டாவி விடும்வரை பொறுமையாக நிற்கச் சொல்லுங்கள், மேல்சொண்டு தூக்குவது கண்ணுக்கே தெரியும்.

நீல மக்காவ் பறக்கும் கிளிகளிலேயே நீளமானது, வால் நுனிவரை ஏறக்குறைய 1 மீற்றர். பிரேசில், பொலிவியா, பராகுவே நாடுகளில்தான் இருக்கிறது. பிரேசிலின் பந்தனால் சதுப்புநிலத்தில் இதன் சாப்பாடு பெரும்பாலும் அக்குரி, பொக்காயுவா என்ற இரண்டு பனைக் குடும்ப மரங்களின் கொட்டைகள். மாடு தின்று, சதை கரைந்து வெளியே வந்த அக்குரிக் கொட்டைகளைக்கூட நிலத்தில் இறங்கிப் பொறுக்கும். கொட்டை வழுக்காமல் இருக்க ஒரு துண்டு இலையையோ மரச்சிராயையோ சேர்த்துக் கவ்விக்கொண்டு உடைப்பதையும் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இவ்வளவு பலமான சொண்டு இருந்தும் கூட்டுக்கு அது நம்பியிருப்பது மென்மையான ஒரு மரத்தை என்பதைத்தான் நான் பிள்ளைகளுக்கு ஆறுதலாகச் சொல்லுவேன். பந்தனாலில் பத்தில் ஒன்பது கூட்டுக்கு மேல் மந்துவி மரத்துப் பொந்தில்தான், அந்த மரம் பொந்து விழுமளவு பருக்கக் குறைந்தது 60 வருடம் வேண்டும். மேய்ச்சலுக்கும் தீக்கும் அந்த மரங்கள் போனால் பறவைக்குக் குடியிருக்க இடமில்லை. இதில் இன்னொரு சிக்கல்: மந்துவி விதையைப் பரப்புவதில் பெரும்பங்கு டூக்கன் என்ற பெரிய சொண்டுப் பறவைக்கு, மக்காவின் முட்டையைத் தின்பதும் அதே டூக்கன்தான். ஒன்றை விரட்டி மற்றதைக் காப்பாற்ற முடியாது. 1990இல் பிரேசில் உயிரியலாளர் நெய்வா கெடஸ் தொடங்கிய பாதுகாப்புத் திட்டத்தில் செயற்கைக் கூட்டுப்பெட்டிகள் கட்டினார்கள், பறவைகளும் வந்து குடியேறின.

கேள்வி: ‘அசல்’ மக்காவ் மண்டையோடு இணையத்தில் விற்கிறார்கள். வாங்கலாமா?
— ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: வேண்டாம் தம்பி. கூண்டுப் பறவை வியாபாரத்துக்காக 1980களில் ஆயிரக்கணக்கில் பிடித்து விற்றதால், நீல மக்காவ் 1987இல் சைட்டிஸ் (CITES) என்ற, அருகிவரும் உயிரினங்களை நாடுகளுக்கிடையே விற்பதைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் முதலாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. உயிரோடு இருந்தாலும் சரி, எலும்பாக இருந்தாலும் சரி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாடு கடக்கக் கூடாது. பிரதிக்கு அந்தத் தொல்லை இல்லை, எந்தப் பறவையும் புதிதாகச் சாகவும் இல்லை. ஏற்கெனவே கையில் இருப்பது எது என்று சந்தேகம் என்றால் பூதக்கண்ணாடியால் பாருங்கள்: ரெசினில் குட்டிக் காற்றுக்குமிழிகளும் அச்சு சேர்ந்த கோடும் தெரியும், எலும்பு உடைந்த இடத்தில் உள்ளே தேன்கூடு போன்ற வலை இருக்கும்.