எச்.பி.வி பரிசோதனை: கேட்டவைக்கு என்ர பதில்கள்

நான் யாழ்ப்பாணத்தில ஆய்வுகூட வேலையில இருந்து ஓய்வு பெற்றனான். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயையும் அதுக்குக் காரணமான எச்.பி.வி எண்ட வைரஸையும் பற்றிக் கேள்வி இருந்தால் கேளுங்கோ எண்டு போன கிழமை சொல்லியிருந்தன். கனபேர் பேர் போடாமல் கேட்டிருக்கினம். பேர் தேவையில்லை, கேட்டதே பெரிய விசயம்.

கேள்வி (கொக்குவில்): அக்கா, எனக்கு 38 வயது. தனியாரிட்ட இரத்தம் குடுத்து எச்.பி.வி பிறபொருளெதிரி (வைரஸை எதிர்க்க உடம்பு உருவாக்கிற புரதம்) பார்த்தனான். "இல்லை" எண்டு வந்திருக்கு. இனிப் பாப் (கருப்பைக் கழுத்தில கலம் எடுத்துப் பார்க்கிற பரிசோதனை) எடுக்கத் தேவையில்லைத் தானே?

தேவை தங்கச்சி. அந்த ரிப்போட்டை நம்பி இருந்திடாதேங்கோ. இந்த வைரஸ் டெங்கு மாதிரி இரத்தத்தில ஓடித் திரியிறதில்லை. கருப்பைக் கழுத்தின்ர மேல்தோல் கலங்களுக்குள்ள சத்தமில்லாமல் குடியிருக்கும். கலத்தை உடைச்சு அமளி பண்ணாததால, அது வந்ததை உடம்பு கவனிக்கிறதே குறைவு. தொற்று வந்த கனபேருக்கு அளந்து பார்க்கிற அளவுக்குப் பிறபொருளெதிரி உருவாகிறதேயில்லை. உருவானாலும் மாதக்கணக்குச் செல்லும். பிறகு வைரஸ் போனாலும் அது வருசக்கணக்கில நிக்கும். அதால "இல்லை" எண்டு வந்தால் வைரஸ் இல்லை எண்டுமில்லை, "இருக்கு" எண்டு வந்தால் இப்ப இருக்கு எண்டுமில்லை. ஒரு சனத்தொகையில எவ்வளவு பேருக்கு முந்தித் தொற்றினது, தடுப்பூசி பிடிச்சிருக்கோ எண்டு ஆராயிறவைக்கு அது உதவும். உங்கட கருப்பைக் கழுத்தில என்ன நடக்குது எண்டு அது சொல்லாது. அதை எடுக்கச் சொன்னவையில எனக்குக் கோவம்தான் வருது.

கேள்வி (சாவகச்சேரி): அப்ப டி.என்.ஏ பரிசோதனை எண்டுறது வேறயோ?

முழுக்க வேற. சின்னத் தூரிகையால கருப்பைக் கழுத்தில இருந்தே கலங்களை எடுத்து, அதுக்குள்ள வைரஸின்ர மரபணு இருக்கோ எண்டு பார்க்கிறது. கொவிட் காலத்தில எல்லாருக்கும் பழகின பி.சி.ஆர் முறைதான் இதுக்கும். ஆபத்தான 14 வகைகளை வழக்கமாத் தேடுவினம். அதில 16, 18 எண்ட இரண்டும்தான் நூற்றுக்கு 70 அளவான கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணம். இந்த இரண்டையும் 1983, 84 இல பிரிச்சுக் காட்டின ஜெர்மன்காரர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008 இல நோபல் பரிசு கிடைச்சது.

பாப்பில பார்க்கிறது கலம் மாறிப் போச்சுதோ எண்டு. டி.என்.ஏயில பார்க்கிறது மாத்தக்கூடிய வைரஸ் இருக்கோ எண்டு. பாப் ஒருக்கா எடுத்தால் தவறவிடக்கூடியதை டி.என்.ஏ கூடுதலாப் பிடிக்கும். உலக சுகாதார நிறுவனமும் 2021 இல இருந்து இதைத்தான் முதல் பரிசோதனையாச் சொல்லுது: 30 வயதில தொடங்கி 5 தொடக்கம் 10 வருசத்துக்கு ஒருக்கா.

கேள்வி (பருத்தித்துறை): வகை 16 இருக்கு எண்டு வந்திட்டுது. மனுசனோட பத்து நாளாக் கதைக்கேல்லை. அவர் எங்கேயோ போய்த்தானே இது வந்தது?

பிள்ளை, முதல்ல அவரோட கதையுங்கோ. இந்த வைரஸ் எப்ப வந்தது, ஆரிட்ட இருந்து ஆருக்கு வந்தது எண்டு எந்த ஆய்வுகூடமும் சொல்லேலாது. நான் அந்த வேலை செய்தனான், அறிஞ்சுதான் சொல்லுறன். பழைய தொற்று அடங்கிக் கிடந்து வருசங்களுக்குப் பிறகு திரும்பத் தெரியவரும். குடும்ப வாழ்க்கையில இறங்கின ஆக்களில பெரும்பாலானவைக்கு எப்பவாவது ஒருக்கா இது வந்து போகும். பத்தில ஒம்பது பேருக்கு ஒண்டு இரண்டு வருசத்தில உடம்பே துடைச்சுவிடும். ஒரு கடதாசித் துண்டை வைச்சு வீட்டில வழக்குப் பேசாதேங்கோ.

இது புற்றுநோய் எண்ட முடிவுமில்லை. போகாமல் தங்கிற வைரஸ் கலத்தை மாத்தி நோயாக்க வழக்கமா 15, 20 வருசம் செல்லும். ஆனால் 16 எண்டபடியால் காத்திராமல் கொல்போஸ்கோப்பி செய்ய வேணும். வினாகிரியில இருக்கிற அசற்றிக் அமிலத்தைத் தடவி, வெள்ளையா மாறுற இடத்தைப் பெருப்பிச்சுப் பார்ப்பினம். மாறின கலம் இருந்தால் அந்த இடத்தை மட்டும் எடுத்துவிடலாம், கருப்பையை எடுக்கிற கதையில்லை. அந்தத் திகதியைத் தவறவிடாதேங்கோ.

கேள்வி (நல்லூர்): மகளுக்கு ஆறாம் வகுப்பில எச்.பி.வி தடுப்பூசி போட்டவை. அந்த ஊசியால டி.என்.ஏ பரிசோதனையில "இருக்கு" எண்டு வருமோ?

வராது. ஊசியில வைரஸின்ர வெளிக்கோது மாதிரி ஒரு புரதம் மட்டும்தான், மரபணு இல்லை. இரத்தத்தில பிறபொருளெதிரி நல்லாக் கூடும், அதுக்குத்தானே போடுறது. 2017 இல இருந்து எங்கட பள்ளிக்கூடங்களில குடுக்கிறது. இந்த வயதில பரிசோதனை வேண்டாம், ஆனால் பிறகு உரிய வயதில எடுக்கத்தான் வேணும். ஊசி எல்லா வகையையும் மறிக்காது.

கேள்வி (மானிப்பாய்): எங்க போறது? காசு?

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின்ர சுகவனிதையர் கிளினிக். 1996 இல இருந்து நடக்குது, இலவசம். 35 வயதுக்காரரைத் தேடிக் கூப்பிடுவினம். கிளினிக் நாளையும், உங்கட பக்கம் டி.என்.ஏ எடுக்கினமோ எண்டதையும் குடும்பநல மாதுவிட்டக் கேளுங்கோ. இல்லாட்டிப் பாப்பை எடுங்கோ. மாதவிடாய் நேரம் போக வேண்டாம். போறதுக்கு முந்தின இரண்டு நாளும் உடலுறவும், உள்ளுக்கு வைக்கிற மருந்தும் வேண்டாம்.

கேள்வி (வேலணை): எனக்கு 56. மாதவிடாய் நிண்டு ஆறு வருசம். இப்ப இடைக்கிடை கொஞ்சம் இரத்தம் படுது. டி.என்.ஏ எடுக்கட்டோ?

அக்கா, உங்களுக்கு இப்ப பரிசோதனை எது எண்டு யோசிக்கிற நேரமில்லை. பரிசோதனை எண்டுறது நோயின்ர ஒரு குணங்குறியும் இல்லாத ஆக்களுக்கு. நிண்ட பிறகு இரத்தம் பட்டால், ஒரு துளியெண்டாலும், நேரா வைத்தியரிட்டக் காட்ட வேணும். கனபேருக்குச் சாதாரண காரணமாத்தான் இருக்கும், ஆனால் அதைப் பார்த்துத்தான் சொல்ல வேணும். நாளைக்கு விடிய பஸ் ஏறிப் பண்ணைப் பாலத்தைத் தாண்டி யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போங்கோ. தனியப் போகக் கூச்சமெண்டால் எனக்கு எழுதுங்கோ, நான் வாசலில வந்து நிக்கிறன்.