சுருட்டுப் பெட்டிக்குள் ஒரு சென்சார் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஓலைச்சுவடிகளையும் பழைய புத்தகங்களையும் ஈரத்திலிருந்து காப்பது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் கேள்வி சுருட்டு பற்றியது. அமெரிக்காவில், மினியாபோலிஸில் இருக்கிறேன். ஐம்பது சுருட்டு கொள்ளும் ஹ்யூமிடார் ஒன்று வைத்திருக்கிறேன், சுருட்டு உலராமல் ஈரம் காக்கும் மரப்பெட்டி அது. பெரும்பாலும் நிகராகுவா சுருட்டுகள். மூடியில் பதித்திருக்கும் முள் மானி ஈரப்பதம் எப்போதும் 70 சதவீதம் என்று காட்டும். போன மாதம் ஈரப்பதம் அளந்து செல்போனுக்கு அனுப்பும் புளூடூத் சென்சார் ஒன்றை வாங்கி உள்ளே வைத்தேன். அது 63 என்றது. பயந்துபோய், பெட்டிக்கு ஈரம் தரும் பஞ்சில் தண்ணீர் ஊற்றினேன், மறுநாளும் ஊற்றினேன். இப்போது சென்சார் 74 காட்டுகிறது, முள் அதே 70இல் நிற்கிறது. ராத்திரியில் ஆப் மணி அடித்து எழுப்புகிறது. எதை நம்புவது? விலை கூடிய சென்சார் வாங்கினால் சரியாகிவிடுமா?

பெயர் வேண்டாம்,
மினியாபோலிஸ்

அன்புள்ள நண்பருக்கு,

முள் மானியை விட்டுவிடுங்கள். பெட்டிக்குள் இவ்வளவு தண்ணீர் போன பிறகும் அது அசையவில்லை என்றால், அது எதையும் அளக்கவில்லை என்றுதான் அர்த்தம். பெட்டியோடு வரும் இந்த மானிகளில் பெரும்பாலும் இருப்பது ஒரு சுருள்வில்லும் அதில் ஒட்டிய ஈரம் உறிஞ்சும் பட்டையும்தான். ஈரத்துக்கு ஏற்ப ஒரு பொருள் நீள்வதை வைத்து அளப்பது பழைய வழி. 1783இல் ஜெனீவா விஞ்ஞானி சோஸூர் மனிதத் தலைமுடியை வைத்தே ஓர் ஈரமானியைப் பற்றி எழுதினார். நன்றாகச் செய்தால் நன்றாகவே வேலை செய்யும். பெட்டி மூடியில் அலங்காரத்துக்குப் பதிப்பதை அப்படிச் செய்வதில்லை.

ஆனால் சென்சாரையும் அப்படியே நம்ப வேண்டாம். அதற்குள் இருப்பது இரண்டு மின்முனைகளுக்கு நடுவே ஒரு மெல்லிய பாலிமர் படலம். காற்றிலுள்ள நீராவி படலத்துக்குள் ஏற ஏற அதன் மின்தேக்குத் திறன் மாறும். அந்த மாற்றத்தைத்தான் சதவீதமாக்கி உங்கள் செல்போனுக்கு அனுப்புகிறது. வீட்டு உபயோகத்துக்கு விற்பவற்றில் 2, 3 சதவீதம் கூடக் குறையக் காட்டுவது சகஜம், அட்டைப்பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். உங்கள் 63 உண்மையில் 66ஆக இருந்திருக்கலாம். 66 என்றால் தண்ணீரே ஊற்றியிருக்க வேண்டாம்.

அதனால் முதலில் உப்புச் சோதனை. சோடா பாட்டில் மூடி ஒன்றில் சமையல் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கரைந்து நீராகிவிடக் கூடாது, மழையில் நனைந்த மணல்போல இருக்க வேண்டும். அந்த மூடியையும் சென்சாரையும் ஒரு ஜிப்லாக் பைக்குள் வைத்து, கொஞ்சம் காற்றோடு இறுக்கமாக மூடுங்கள். உப்பு சென்சார்மேல் படவே கூடாது. ஹீட்டருக்கும் சன்னலுக்கும் தள்ளி ஒரு மூலையில் ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். எடுத்துப் பார்க்க வேண்டாம், செல்போனில்தான் தெரியுமே. கரையாத உப்பு மிச்சமிருக்கும்வரை பைக்குள் இருக்கும் காற்று 75 சதவீதத்தில் நிற்கும். 20 டிகிரியாக இருந்தாலும் 30 டிகிரியாக இருந்தாலும் அதில் அரை சதவீதம்கூட மாறாது. சென்சார் 72 காட்டினால் 3 கூட்டிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான ஆப்களில் அந்தத் திருத்தத்தைப் பதியவே இடம் இருக்கும். இதைச் செய்துவிட்டால் விலை கூடிய சென்சார் தேவையில்லை. ஆனால் வருடத்துக்கு ஒரு முறை திரும்பச் செய்யுங்கள். அதிக ஈரத்திலேயே கிடக்கும் படலம் மெல்ல மெல்லக் கணக்கு மாறும்.

அடுத்தது, எங்கே வைப்பது. ஈரப்பஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தால் பஞ்சின் கணக்குத்தான் வரும். பஞ்சு மூடியில் என்றால் சென்சாரைக் கீழே, சுருட்டுகளின் மட்டத்தில், அதன் துளைகள் மறைக்கப்படாமல் வையுங்கள். மரச்சுவர் புளூடூத் அலையைப் பெரிதாகத் தடுக்காது. இரும்பு அலமாரிக்குள் பெட்டியை வைத்தால்தான் சிக்கல்.

நான் சொல்ல விரும்புவது இதுதான்: சென்சார் காட்டுவது காற்றின் ஈரத்தை. நீங்கள் காக்க வேண்டியது இலையின் ஈரத்தை. பெட்டிக்குள் உள்ள காற்றில் இருக்கும் தண்ணீர் மிகமிகச் சொற்பம். தண்ணீரெல்லாம் மரத்திலும் புகையிலையிலும்தான் இருக்கிறது. மூடியைத் திறந்ததும் உள்காற்று போய் அறைக்காற்று வந்துவிடும். உங்கள் ஊர்க் குளிர்காலத்தில் வெளியே மைனஸ் 15 டிகிரியில் ஈரம் நிறைந்திருக்கும் காற்றைக்கூட 21 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் பத்துக்கும் கீழே போய்விடும். சமையலும் குளியலும் சேர்ந்து வீட்டுக்குள் கொஞ்சம் ஏற்றினாலும் அது வறண்ட காற்றுதான். ஆகவே ஆப்பில் ஈரப்பதத்தைக் காட்டும் கோடு சரேலென்று இறங்கத்தான் செய்யும். அதைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூடிய பிறகு கோடு எப்படித் திரும்பி ஏறுகிறது என்று பாருங்கள். அரை மணியில் பழைய இடத்துக்கு வந்தால் மரமும் இலையும் போதுமான ஈரத்தோடு இருக்கின்றன. மணிக்கணக்கில் திணறினாலோ, பழைய இடத்துக்கு வராமல் நின்றாலோ பெட்டி உலர்ந்திருக்கிறது, அல்லது மூடி சரியாகப் பொருந்தவில்லை. முள் மானியால் இதைச் சொல்லவே முடியாது. இதற்காகவே வயர்லெஸ் சென்சார் ஒன்றை வாங்கலாம் என்பேன். திறக்காமலே பார்க்கலாம், போன வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிடலாம்.

இப்போது 74. பஞ்சை வெளியே எடுத்துவிட்டுப் பெட்டியை மூடியே வையுங்கள். ஹீட்டர் பக்கம் கொண்டுபோகாதீர்கள், சுருட்டின் மேலே சுற்றிய இலை வெடித்துவிடும். பெட்டியின் உட்புறத்தில் பதித்திருக்கும் மரம் ஸ்பானிஷ் சீடராக இருக்கும். பெயர்தான் சீடர், உண்மையில் அது நம் வேம்பின் குடும்பம். ஈரத்தை நிறைய வாங்கி மெதுவாக விடும் மரம் அது. அதனால்தான் இன்று ஊற்றிய தண்ணீரின் விளைவு அடுத்த வாரமும் தெரிகிறது. ஓரிரு வாரத்தில் கோடு 70க்குக் கீழே வந்ததும் பஞ்சுக்குப் பதிலாக போவேடா பைகள் வையுங்கள். 65 அல்லது 69 போதும். அதற்குள்ளும் உப்புக் கரைசல்தான் இருக்கிறது. ஈரம் குறைந்தால் தரும், கூடினால் வாங்கிக்கொள்ளும். பஞ்சுக்குத் தரத்தான் தெரியும்.

விரலையும் மறக்க வேண்டாம். சுருட்டைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் மெல்ல அழுத்துங்கள். கொஞ்சம் உள்வாங்கித் திரும்பி எழ வேண்டும். சரசரவென்று சத்தம் கேட்டால் உலர்ந்துவிட்டது. அழுத்திய இடம் பள்ளமாகவே நின்றால் ஈரம் அதிகம். அது சரியாக எரியாது, இழுக்கவும் வராது, பூசணமும் பிடிக்கும்.

அப்புறம் மணி. ஈரப்பத எச்சரிக்கையை 60க்கும் 75க்கும் தள்ளிவைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். ஒரு ராத்திரியில் எந்தச் சுருட்டும் கெட்டுவிடாது. வெப்ப எச்சரிக்கையை மட்டும் கவனமாக வையுங்கள். புகையிலை வண்டின் முட்டை இலைக்குள்ளேயே ஒளிந்து வரலாம். வெப்பம் பல நாள் 25 டிகிரிக்கு மேலே நின்றால் அது பொரித்து, சுருட்டில் குண்டூசித் துளைகள் போட்டு வெளியே வரும். துளை தென்பட்டால் மற்றவற்றைப் பையில் இறுக்கிக் கட்டி ஃப்ரீசரில் சில நாள் வைத்து, பிறகு ஃப்ரிட்ஜில் ஒரு நாள் வைத்து, மெல்ல அறைச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் ஊரில் இந்தத் தொல்லை ஜூலை, ஆகஸ்டில்தான் வரும். அதற்குள் ஆப்பில் மேல் எல்லையை 24 டிகிரி என்று மாற்றிவிடுங்கள்.