ஒளி உணரி மாட்யூல் எப்படி வேலை செய்கிறது? இருட்டியதும் விளக்கு எரிய அதை எப்படிப் பயன்படுத்துவது?

சுற்றியுள்ள வெளிச்சத்தை மின்னழுத்தமாக மாற்றிச் சொல்லும் சின்னப் பலகைதான் ஒளி உணரி மாட்யூல். அதன் நுனியில் பாம்பு நெளிவது போலக் கோடு போட்ட வட்ட வில்லை இருக்கும், அதுதான் எல்டிஆர், அதாவது வெளிச்சத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் பாகம். பெரும்பாலும் காட்மியம் சல்பைடால் ஆனது. வெளிச்சம் பட்டால் அதற்குள் கட்டுண்டிருந்த எலக்ட்ரான்கள் விடுபடும், மின்தடை குறையும். தண்ணீர்க் குழாய் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: வெயிலில் நன்றாகத் திறந்துகொள்ளும், இருட்டில் இறுக மூடிக்கொள்ளும்.

விளக்கை இயக்கப் பயன்படும் ஆர்டுயினோ என்ற குட்டிக் கணினிப் பலகை மின்தடையை நேராகப் படிக்காது, மின்னழுத்தத்தைத்தான் படிக்கும். அதற்காகவே பலகையில் எல்டிஆரோடு ஒரு ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்த்திருப்பார்கள். மாட்யூலின் ஏஓ (அனலாக் வெளியீடு) முனையை ஆர்டுயினோ ஊனோவின் ஏ0 என்ற முனையில் கொடுத்தால் 0 முதல் 1023 வரை எண் வரும். டிஓ (டிஜிட்டல் வெளியீடு) முனை ஆம், இல்லை மட்டும் சொல்லும். எந்த வெளிச்சத்தில் மாற வேண்டும் என்பதைப் பலகையில் உள்ள குட்டித் திருகைத் திருப்பி அமைக்கலாம். மூன்று முனை மாட்யூலில் பெரும்பாலும் ஏஓ இருக்காது, வாங்கும்போதே பாருங்கள்.

அப்புறம், நீங்கள் எரிக்கும் விளக்கின் வெளிச்சம் உணரியின் மேல் விழவே கூடாது. விழுந்தால் விடிந்துவிட்டதாக எண்ணி அணைக்கும், இருட்டானதும் மறுபடி எரிக்கும், இப்படியே மினுக்கிக்கொண்டிருக்கும். கறுப்பு ஸ்ட்ரா துண்டு ஒன்றை வில்லையில் மாட்டி வேறு பக்கம் திருப்பி வையுங்கள், சரியாகிவிடும்.

எண் கூடினால் வெளிச்சம் கூடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பரவலாகக் கிடைக்கும் மாட்யூல்களில் அது தலைகீழ், இருட்டில்தான் எண் ஏறும்.