பின்னாளில் வருந்தாமல், சந்தோஷமாக வாழ்வது எப்படி?

“எதற்கும் பின்னால் வருத்தப்படாமல், சந்தோஷமாக வாழ என்ன வழி?” என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு 51 வயதாகிறது. அப்படி முழுசாக வாழ்ந்த ஒருவரை இன்னும் பார்க்கவில்லை. வருத்தமே இல்லை என்று சொல்கிற சிலரைத் தெரியும். அவர்களால் வருந்தியவர்களையும் தெரியும். அதனால் வருத்தத்தைத் துடைத்தெறிகிற வழி என்னிடம் இல்லை. அதோடு மல்லுக்கட்டுவதைக் குறைத்துக்கொண்ட கதை வேண்டுமானால் இருக்கிறது.

27 வயதில் வெளிநாட்டில் ஒரு வேலை கிடைத்தது. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் இருந்த நேரம். போகவில்லை. யாரும் தடுக்கவில்லை, நானாக எடுத்த முடிவு. ஆனால் அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருடம், அலுவலகத்தில் சின்னதாக ஏதாவது பிசகினாலும் போதும், “அன்றைக்குப் போயிருந்தால்...” என்று மனசு ஆரம்பித்துவிடும். அந்தப் போகாத ஊரில் எனக்கென்று ஒரு வாழ்க்கையே கட்டி வைத்திருந்தேன். அங்கே மேலாளர் கத்தமாட்டார். வாடகை ஏறாது. ஒரு ராத்திரி பல்வலியோடு தூங்காமல் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது: அந்த வாழ்க்கையில் இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு தடவைகூடப் பல்வலி வந்ததில்லை! வாழ்ந்த வாழ்க்கைக்கு வரவு, செலவு இரண்டும் எழுதியிருக்கிறேன். வாழாத வாழ்க்கைக்கு வரவை மட்டும் எழுதியிருக்கிறேன். அப்படிக் கணக்கு வைத்தால் எது ஜெயிக்கும்?

இது என் ஒருவனுடைய கோளாறு இல்லை என்பது அப்புறம் தெரிந்தது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றவர்களின் முகங்களை வைத்து மெட்வெக், மேடி, கிலோவிச் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஓர் ஆய்வு செய்து 1995-இல் வெளியிட்டார்கள். முடிவு தெரிந்த கணத்தில் ஒவ்வொருவர் முகத்திலும் எவ்வளவு சந்தோஷம் தெரிகிறது என்று, காட்சியைப் பார்த்தவர்கள் பத்துக்கு மதிப்பெண் போட்டார்கள். வெண்கலம் வாங்கியவர்களுக்குச் சராசரி 7.1, வெள்ளி வாங்கியவர்களுக்கு 4.8. வெள்ளிக்காரர் மேலே பார்த்துத் ‘தங்கம் போச்சே’ என்கிறார். வெண்கலக்காரர் கீழே பார்த்து, ‘நல்லவேளை, நான்காவதாக வரவில்லை’ என்கிறார்.

நானும் ஒருமுறை வெண்கலக்காரர் போலப் பார்த்தேன். போயிருந்தால் அப்பாவின் கடைசி இரண்டு வருடங்களும் எனக்குத் தொலைபேசியில் வந்த செய்தியாகவே இருந்திருக்கும். அதை நினைத்த பிறகு அந்த வேலையின் மேல் இருந்த ஏக்கம் பாதி வடிந்துவிட்டது. (ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வேலையை நமக்கு நாமே செய்துகொள்ள வேண்டும். துக்கத்தில் இருப்பவரிடம் போய் “இதோடு போச்சே என்று சந்தோஷப்படு” என்பவரைப் போல எரிச்சல் மூட்டுபவர் யாருமில்லை.)

இன்னொரு தப்பும் செய்தேன். போகவில்லை என்று முடிவெடுத்த பிறகும் அதே மாதிரி வேலைகளுக்கு ஆறு வருடம் விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தேன், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று. கில்பர்ட், எபர்ட் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்காகவே செய்தது போல இருக்கும். புகைப்பட வகுப்பு மாணவர்கள் தாங்கள் எடுத்த படங்களில் இரண்டை அச்சிட்டு, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிட வேண்டும். சிலருக்கு மட்டும், சில நாட்களுக்குள் மனசு மாறினால் மாற்றிக்கொள்ளலாம் என்ற சலுகை. கடைசியில், மாற்ற முடியாதவர்களுக்குத்தான் கையில் இருந்த படம் அதிகம் பிடித்திருந்தது. சலுகை கிடைத்தவர்களுக்கு அந்த அளவுக்குப் பிடிக்கவில்லை.

அதனால் இப்போது பெரிய முடிவு எடுக்கும்போது ஒரு தேதி வைத்துக்கொள்கிறேன். அதுவரை எவ்வளவு வேண்டுமானாலும் குழம்பலாம். முடிவெடுத்த அன்று, ஏன் இப்படி முடிவெடுத்தேன் என்று நாலு வரி எழுதி வைத்துவிடுவேன். இந்த நாலு வரிதான் முக்கியம். ஐந்து வருடம் கழித்து, ‘இது இப்படித்தான் ஆகும் என்று அன்றைக்கே தெரியுமே’ என்று மனசு கூசாமல் பொய் சொல்லும். தாளை எடுத்துப் பார்த்தால் அன்றைக்கு அது தெரியவே தெரியாது என்பது என் கையெழுத்திலேயே இருக்கும். ஆனால் அடி, அவமானம் இருக்கிற உறவிலோ வேலையிலோ, எடுத்த முடிவாயிற்றே என்று உட்கார்ந்திருக்கச் சொல்லவில்லை. அங்கே கிளம்புவதுதான் சரி.

இவ்வளவும் நாமாக யோசித்து எடுத்த முடிவுகளைப் பற்றி. செய்யாமல் விட்டவை வேறு ரகம். செய்த தவறு அப்போதைக்குச் சுடும், காலப்போக்கில் ஆறிவிடும். நீண்ட காலம் உறுத்துவது பெரும்பாலும் செய்யாமல் விட்டதுதான் என்று மேலே சொன்ன கிலோவிச்சும் மெட்வெக்கும் எழுதியிருக்கிறார்கள். என் அனுபவமும் அதேதான்.

ஒரு நண்பனிடம் அற்பக் காரணத்துக்குச் சண்டை போட்டு ஒன்பது வருடம் பேசாமல் இருந்தேன். தப்பு என்னுடையது. குளிக்கும்போதெல்லாம் அவனிடம் மனசுக்குள் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்து போன் செய்துவிட்டேன். “அன்னைக்கு நான் பேசினது தப்புடா” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “சரி, விடு” என்றான். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டான். மொத்தம் ஏழு நிமிடம். சினிமாவில் வருவது போல எதுவும் நடக்கவில்லை, பழைய நட்பும் திரும்பவில்லை. ஆனால் குளியலறையில் விளக்கம் சொல்வது அன்றோடு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு, செய்யாமல் விட்டவற்றை ஒரு தாளில் எழுதினேன். பதினான்கு வந்தது. ஐந்தாறைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வந்தது, அடுத்தவர் ஆசையை என் ஆசை என்று நினைத்திருக்கிறேன், அடித்துவிட்டேன். அப்பாவிடம் அவருடைய இளமைக் காலத்தைப் பற்றி உட்கார்ந்து கேட்டதே இல்லை என்பதை அடிக்க வழியில்லை. அது அப்படியே இருக்கிறது.

நீச்சல் மட்டும் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. 46 வயதில் வகுப்பில் சேர்ந்தேன். பக்கத்தில் நின்றவனுக்கு ஏழு வயது இருக்கும். “பயமா இருக்கா அங்கிள்?” என்றான். ஆமாம் என்றேன். இப்போது குளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, நடுவில் இரண்டு தடவை கம்பியைப் பிடித்துக்கொண்டு, போய்விடுவேன். டைவ் அடிக்க இன்னும் வரவில்லை.