சாக்லேட் மாதிரி இருக்கும் – கடிதம்

அன்புள்ள சார்,

'டேஸ் ஆஃப் வைன் அண்ட் ரோசஸ்' (1962) படத்தை நேற்றிரவு பார்த்தேன். ஜாக் லெம்மன், லீ ரெமிக் இருவரில் யார் நடிப்பு மேல் என்று உங்களிடம் கேட்கத் தோன்றியது. 1945-ல் வந்த 'தி லாஸ்ட் வீக்எண்ட்' இதைவிட நல்ல படம் என்கிறான் என் நண்பன். எனக்கு ஒரே குறைதான். கணவன் ஜோ குடியிலிருந்து மீண்டு மகளை வளர்க்கிறான். மனைவி கிர்ஸ்டன் கடைசிவரை திருந்தவே இல்லை. இப்படி ஒரு பொறுப்பற்ற தாயை எதற்குக் காட்டவேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலைதான் வேறொரு காரணத்துக்காக இந்தப் படத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். நண்பரின் ஒப்பீட்டை விடுங்கள். அது தனியாகக் குடிப்பவனின் கதை, இது ஜோடியாகக் குடிப்பவர்களின் கதை, தராசில் வைக்க ஒன்றுமில்லை.

ஆனால் 'பொறுப்பற்ற தாய்' என்று எழுதும்போது உங்களுக்குக் கை கூசவில்லையா? முதல் அரை மணி நேரம் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தீர்கள் என்று நினைக்கிறேன். கிர்ஸ்டன் குடிக்காதவள். சாக்லேட்தான் அவளுக்குப் பைத்தியம். சான்பிரான்சிஸ்கோவில் மக்கள் தொடர்பு வேலை பார்க்கும் ஜோ அதைத் தெரிந்துகொண்டு அவளுக்கு 'பிராந்தி அலெக்சாண்டர்' வரவழைக்கிறான். பிராந்தி, கொக்கோ மது, பாலேடு. சாக்லேட் மாதிரியே இருக்கும். கெடுக்கவேண்டும் என்று கொடுக்கவில்லை, பிரியமாகத்தான் கொடுக்கிறான். எனக்கு வயிற்றைக் கலக்குவதே அந்தப் பிரியம்தான். பிறகு குழந்தை பிறந்து, அதற்காக அவள் குடியைத் தள்ளிவைத்திருக்கும்போது, இரவில் போதையோடு வந்து, நீ முன்னைப்போல என்னோடு சேர்ந்து குடிப்பதில்லை என்று சண்டை பிடிப்பதும் அவன்தான். அவள் போய் ஊற்றிக்கொள்கிறாள். அந்தக் குழந்தைக்கு அவனும் அப்பாதானே ஐயா?

மாமனாரின் நாற்றுப்பண்ணையில் ஒளித்துவைத்த பாட்டில் எந்தத் தொட்டியில் என்று மறந்துபோய் கண்ணாடிக் கூடாரத்துச் செடிகளையெல்லாம் அவன் நாசம் செய்யும் காட்சியில் உங்களுக்கு இரக்கம் வந்திருக்கும், எனக்கும் வந்தது. அவள் குடித்தால் மட்டும் நாம் நீதிபதியாகிவிடுகிறோம்.

அன்று காலை ஏன் நினைத்தேன் என்றால், முந்தின நாள் ஒரு நண்பனை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்திருந்தேன். கல்லீரல். இருபத்திரண்டு வயதில் நாங்கள் மூன்று பேர் ஒரு லாட்ஜ் அறையில் சேர்ந்து இருந்தோம். அவனுக்கு பிராந்தி வாசனையே ஆகாது. நான்தான் கோலாவில் கலந்து, "ஒண்ணும் தெரியாதுடா, கோலா மாதிரியேதான் இருக்கும்" என்று நீட்டினேன். எங்கள் கூட்டத்திலிருந்து அவன் தனியாகப் போய்விடக்கூடாது என்ற ஆசைதான். நான் விட்டுவிட்டேன். மனவுறுதியெல்லாம் இல்லை, எனக்கு அல்சர் வந்தது, அவ்வளவுதான். அவனுக்கு அதுவும் வரவில்லை. வராந்தாவில் அவன் மனைவி, "நீங்களும் சேர்ந்து குடிச்சவங்கதானே அண்ணா, நீங்க எப்படி விட்டீங்க?" என்று கேட்டார். அல்சரைச் சொன்னேன். கோலாவைச் சொல்லவில்லை.

ஆகவே யார் மீண்டார், யார் மீளவில்லை என்று மதிப்பெண் போடும் உற்சாகம் எனக்கு இல்லை. லெம்மனே பல வருஷங்கள் கழித்து ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், தானும் ஒரு குடிநோயாளி என்று சர்வசாதாரணமாகச் சொன்னார். 'சம் லைக் இட் ஹாட்' படத்தில் நம்மை விழுந்து விழுந்து சிரிக்கவைத்த மனிதர்.

சரி, லெம்மனா ரெமிக்கா? இருவருக்கும் ஆஸ்கர் பரிந்துரை வந்தது, இருவருக்கும் கிடைக்கவில்லை, அதையும் விடுங்கள். என்னைக் கேட்டால் ரெமிக். கடைசிக் காட்சியை மட்டும் இன்னொரு தடவை பாருங்கள். இரண்டு நாள் குடிக்காமல் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து நிற்கிறாள். காதலித்த நாட்களில் இருவரும் துறைமுகத்தில் எட்டிப் பார்த்த தண்ணீரை அவனுக்கு ஞாபகப்படுத்துகிறாள். கிட்டே போய்ப் பார்த்தால் குப்பையாக மிதந்ததே, குடிக்காதபோது உலகமே எனக்கு அப்படித்தான் தெரிகிறது என்கிறாள். அழுகை இல்லை, வழி கேட்டு வந்தவள் மாதிரி சொல்கிறாள். இனி தொடவே மாட்டேன் என்று ஒரு பொய் சொன்னால் போதும், உள்ளே படுத்திருக்கும் மகளிடம் போய்விடலாம். அந்தப் பொய்யை அவள் சொல்வதில்லை.