ரயிலைத் தவிர வேறெதுவும் பேசாத என் மகனுக்கு, அந்த ரயிலை வைத்தே பழகக் கற்றுக்கொடுக்க முடியுமா?

7 வயது, ஆட்டிசம், விழித்திருக்கும் நேரமெல்லாம் ரயில் பேச்சு. "அந்தப் பித்தைக் குறைத்தால்தான் மற்ற பிள்ளைகளோடு சேருவான்" என்று சுற்றியிருப்பவர்கள் சொல்கிறார்கள். இதுதான் உங்கள் கேள்வியின் விவரம். படித்ததும் ஆறு வருடத்துக்கு முந்தைய நான்தான் நினைவுக்கு வந்தேன். நீங்கள் எழுதாத ஒன்றையும் நானே ஊகிக்கிறேன்: அவன் தூங்கின பிறகு உட்கார்ந்துதான் இதையெல்லாம் தேடுகிறீர்கள்.

முடியும். ஆனால் நான் முதலில் அதைத் தப்பாகச் செய்தேன், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். நான் மருத்துவரும் இல்லை, தெரபிஸ்டும் இல்லை. ஒரு பெண்ணுக்கு அப்பா, அவ்வளவுதான். "ஒரு குழந்தைக்கு நடந்ததை எல்லோருக்கும் பொருத்தாதே" என்று யாராவது கீழே எழுதுவார்கள். பொருத்தவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் சொல்கிறேன்.

என் மகளுக்கு இப்போது 11 வயது. அவளுக்கு லிஃப்ட். 1854-ல் நியூயார்க் கண்காட்சியில் எலிஷா ஓடிஸ் என்ற அமெரிக்கர் தான் செய்த லிஃப்ட் தட்டின்மேல் ஏறி நின்று, மேலே இருந்த கயிற்றை வெட்டச் சொன்னார். தட்டு கொஞ்சம் இறங்கி, கவ்விப் பிடித்து நின்றுவிட்டது. 1857-ல் அதே ஊரில் ஒரு கடைக் கட்டடத்தில் அவருடைய பயணிகள் லிஃப்ட் ஓடியது. 5 வயதில் இதை அவள் வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொல்வாள். கேட்கிறவர் முகம் சலிப்பது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதுதான் எனக்கு வலித்தது.

அப்போது ஒருவர் சொன்ன யோசனைப்படி பரிசு முறை வைத்தேன். வருகிறவருக்கு வணக்கம் சொன்னால் ஒரு லிஃப்ட் வீடியோ. கண்ணைப் பார்த்துப் பேசினால் இரண்டு. லிஃப்ட் படங்களில் சிரித்த வாய், அழுத வாய் வரைந்து, "இந்த லிஃப்ட்டுக்கு இப்போ எப்படி இருக்கு, சொல்லு பாப்பா" என்று கேட்டேன். "லிஃப்ட்டுக்கு வாய் கிடையாதுப்பா" என்றாள். மூன்று வாரம் கழிந்தது. ஒருநாள் காலையில் எழுந்து வந்து, "இன்னைக்கு வணக்கமும் வேண்டாம், லிஃப்ட்டும் வேண்டாம்" என்றாள். சொன்னபடியே பல நாள் லிஃப்ட் பேச்சை எடுக்கவில்லை. வீடு அமைதியானது. சுற்றியிருந்தவர்கள் அதை முன்னேற்றம் என்றார்கள். அவளுடைய ஒரே சந்தோஷத்தை நான் கூலியாக மாற்றிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

உங்களுக்குச் சொல்ல நினைப்பது இதைத்தான்: ரயிலைத் தூண்டில் புழுவாக ஆக்காதீர்கள். பிள்ளைகளுக்கு அது தெரிந்துவிடும். முதலில் நீங்கள் போய் அவனிடம் மாணவனாக உட்காருங்கள்.

நான் உட்கார்ந்தேன். பரிசுப் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு, கவுண்டர்வெயிட் எதற்கு என்று நிஜமாகவே தெரியாமல் கேட்டேன். காலி லிஃப்ட்டின் எடையோடு, ஏறக்கூடிய ஆட்களின் எடையில் பாதிக்குப் பக்கமாகச் சேர்த்து மறுபக்கம் தொங்கவிடுவார்கள், அதனால் மோட்டாருக்குப் பாரம் குறையும் என்று சொல்லிக்கொடுத்தாள். எனக்குப் புரியாதபோது நிறுத்தி, என் முகத்தைப் பார்த்து, மறுபடி சொன்னாள். முகத்தைப் பார்த்து! மூன்று வாரம் வீடியோ கொடுத்து வாங்க முடியாதது அது.

அடுத்தது தானாக நடந்தது. ஒரு லிஃப்ட்டில் ஆட்கள் அதிகமாகி பஸ்ஸர் அடித்தது. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரிய சத்தம் கேட்டாலே காதைப் பொத்தும் என் மகள் நிதானமாக நின்றாள். "அது கெட்டுப் போகலைப்பா. யாரையும் திட்டவும் இல்லை. எடை அதிகம், அதனால கதவை மூடாம நிக்குது. ஒரு ஆள் இறங்கினா போயிடும்." ஒருவர் இறங்கினார், கதவு மூடியது.

சில வாரம் கழித்து, பள்ளியிலிருந்து வந்ததும் பையை வீசிவிட்டுச் சுவரோரம் சுருண்டு, தலையை முட்டிக்கொள்ளப் போனாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டே, "ஓவர்லோடு" என்றாள். அவளாகச் சொன்ன வார்த்தை. கோபம், பயம் என்று நான் அட்டையில் ஒட்டிக் காட்டிய எதையும் அவள் அதுவரை தனக்காகப் பயன்படுத்தினதே இல்லை.

"உள்ளே எத்தனை பேர்?"

"நாலு."

"யாரு யாரு?"

"மணிச் சத்தம். கணக்கு டெஸ்ட். பசி." கொஞ்சம் நேரம் பேசவில்லை. பிறகு கழுத்துக்குப் பின்னால் கையை விட்டு இழுத்தாள். "லேபிள்."

"யாரை இறக்கலாம்?"

"லேபிளை."

கத்தரிக்கோல் எடுத்து வந்து சட்டை லேபிளை வெட்டினேன். அடுத்து பசியை இறக்கினோம். கணக்கு டெஸ்ட் உள்ளேயே இருந்தது, ஆனால் பஸ்ஸர் நின்றுவிட்டது. அன்றைக்கு அழுதது அவள் இல்லை, நான்.

இதற்கெல்லாம் ஆதாரம் உண்டா என்று கேட்பவர்களுக்காக ஒன்று. டேனியல் லெகாஃப் என்ற அமெரிக்க உளவியலாளர், தன்னிடம் வந்த இரண்டு சிறுவர்கள் காத்திருக்கும் அறையில் லெகோ என்ற பிளாஸ்டிக் கட்டைகளை வைத்துத் தாங்களாகவே சேர்ந்து பழகியதைக் கவனித்தார். அதிலிருந்து ஒரு முறையை உருவாக்கி, 2004-ல் அதன் பலனை ஆய்வாக வெளியிட்டார். ஒரு பிள்ளை படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், ஒருவர் துண்டுகளை எடுத்துக் கொடுக்க வேண்டும், ஒருவர் கட்ட வேண்டும். பிறகு வேலை மாறும். பேசாமல் எதுவும் எழும்பாது.

அதையே நாங்கள் அட்டைப் பெட்டி லிஃப்ட்டில் செய்தோம். காலி நூல் கண்டுதான் கப்பி, பழைய பேட்டரிகள்தான் கவுண்டர்வெயிட். கட்டுவது என் அக்கா மகன், அவளைவிட ஒரு வயது பெரியவன். பொருள் எடுத்துக் கொடுப்பது நான். சொல்ல மட்டும் வேண்டியவள் அவள், தொடக் கூடாது. முதல் நாள் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. அவன் முடிச்சைத் தப்பாகப் போட, இவள் பிடுங்க, நூல் அறுந்து பெட்டி விழுந்தது. அதோடு விட்டோம். பிறகு வாரம் ஒரு முறை. ஆறாவது தடவை அவன் கை நடுங்கி, "எனக்கு வரலை, போ" என்று கத்தியபோது, அவள் ஓர் அடி பின்னால் நகர்ந்து உட்கார்ந்து, "நான் இறங்கிக்கறேன். நீ மெதுவா போடு" என்றாள். அடுத்தவருக்கும் உள்ளே ஓவர்லோடு ஆகும் என்பதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை.

இந்த இடத்தில் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. இவளைத் தெரபிக்குக் கூட்டிப் போவது, பள்ளியில் பேசுவது எல்லாம் நான்தான். என் மனைவியின் வேலை நேரம் அப்படி. ஆறு வருடமாக எந்த அறைக்குள் போனாலும் முதல் கேள்வி "அம்மா வரலையா?" வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியை என் கையில் கொடுத்துவிட்டு, "அம்மாகிட்ட சொல்லிடுங்க" என்கிறார்கள். ஒரு தடவை அவள் எதிரிலேயே, "அம்மா கூட இருந்திருந்தா சீக்கிரம் பேசியிருப்பா" என்று ஒருவர் சொன்னார். வீட்டுக்கு வந்ததும், "அம்மா எப்போ போயிட்டாங்க?" என்று கேட்டாள். அதை ஆற்ற எங்களுக்கு ஒரு மாதம் ஆனது. பழகத் தெரியவில்லை என்று என் பெண்ணுக்கு எழுதிக் கொடுக்கிறவர்கள் பேசுகிற பேச்சு இது. டேமியன் மில்டன் என்ற ஆட்டிசம் உள்ள ஆய்வாளர் 2012-லேயே எழுதினார்: புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, ஆட்டிசம் உள்ளவர் பக்கம் மட்டும் குறை சொல்ல முடியாது என்று.

"பித்தைக் குறை" என்பவர்களுக்கு நான் ஆட்டிசம் உள்ள அமெரிக்கப் பெண்மணி டெம்பிள் கிராண்டினைச் சொல்வேன். கால்நடைகளை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் சட்டகத்தின்மேல் இளம் வயதில் அவருக்கு அப்படியொரு பிடிப்பு. மற்றவர்கள் அதைப் பறிக்கப் பார்த்தபோது, அறிவியல் ஆசிரியர் ஒருவர், அந்த அழுத்தம் ஏன் மனதைத் தணிக்கிறது என்று ஆராயச் சொல்லி உற்சாகப்படுத்தினார். பின்னாளில் கிராண்டின் கால்நடை அறிவியலில் பேராசிரியர்.

அதற்காக எல்லையே வேண்டாம் என்று சொல்லவில்லை. என் மகள் ஒரு தடவை தனியாக லிஃப்ட்டுக்குள் ஓடி, கதவு மூடி, எந்த மாடி என்று தெரியாமல் நாங்கள் படியில் ஓடினோம். அன்றிலிருந்து பெரியவர் கையைப் பிடிக்காமல் லிஃப்ட் இல்லை. அதில் பேச்சே கிடையாது. ரயில் என்றால் தண்டவாளத்துக்கு நீங்கள் இதைவிடக் கறாராக இருக்க வேண்டும்.

ரயில் பிள்ளைகளுக்கென்றே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஆட்டிசம் ஆய்வாளர்கள் "தி டிரான்ஸ்போர்ட்டர்ஸ்" என்று ஒரு தொடர் செய்தார்கள். ரயில், டிராம் மாதிரியான வண்டிகளின் முன்பக்கத்தில் நிஜ மனித முகங்கள். 15 பகுதிகளில் 15 உணர்ச்சிகள். 4 முதல் 7 வயதுப் பிள்ளைகள் 4 வாரம் தினமும் பார்த்ததில் முக உணர்ச்சியை அடையாளம் காண்பது நன்றாகக் கூடியது என்று 2010-ல் வந்த ஆய்வு சொன்னது. பிறகு வேறு பிள்ளைகளிடம் செய்தபோது அதே அளவு பலன் எல்லா இடத்திலும் கிடைக்கவில்லை. வண்டிக்கு முகமா என்று உங்கள் மகனும் என் மகள் மாதிரிக் கேட்டால் விட்டுவிடுங்கள், வற்புறுத்த வேண்டாம்.

ரயிலில் அவனுக்கு எது பிடிக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. என்ஜினா, கால அட்டவணையா, சிக்னலா, பெட்டிகளைக் கோக்கும் இடமா? எல்லாம் ஒன்றில்லை. அட்டவணைப் பிள்ளைக்குத் தாமதம் என்றால் என்ன என்று தெரியும், அங்கிருந்து ஏமாற்றத்தைப் பற்றிப் பேசலாம். சிக்னல் பிள்ளைக்குச் சிவப்பு எதற்கென்று தெரியும், காத்திருப்பதற்கு அது வழி. ஒரு வாரம் எதையும் கற்றுக்கொடுக்காமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். அவனே ஒரு வார்த்தை தருவான்.

கண்டுபிடித்ததும் இங்கேயே எழுதுங்கள். லிஃப்ட் வேகம் மீறினால் கவர்னர் என்ற வேகத்தைக் கண்காணிக்கும் கருவி பிடித்து நிறுத்திவிடும், ரயிலை எது பிடிக்கும் என்று என் மகள் நேற்றிலிருந்து கேட்கிறாள். உங்கள் மகனுக்குத் தெரிந்தால் அவன் சொல்கிறபடியே எழுதுங்கள், படித்துக் காட்டுகிறேன்.